ஊருக்குப் போன டி.வி.

அத்தியாயம் ஒன்பது

எதுவுமே நடக்காததுபோல நூலு காபி டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

நேற்று சாயங்காலம் டி.வி.யை அணைக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

வேலை பார்க்கும் சலவைக்கடையில்தான் அவளுக்கு நூலு என்று பெயர். ஆளும் ஒல்லி, வேலையும் தையல். வீட்டில் அவளுக்குப் பெயரே கிடையாது. புருஷன் 'இங்க பாரு' என்பான். புருஷனின் அக்கா, ஊரிலிருந்து போனில் கூப்பிடும்போதெல்லாம் 'ஏய் பொண்ணு' என்பாள்.

அந்த அக்கா, அதாவது நாத்தனார், ஒரு வசனகர்த்தா. ஊரில் இப்போது சக்கைப்போடு போடும் குடும்பக் காமெடித் தொடருக்கு அவள்தான் வசனம். ஊரே பார்த்துச் சிரிக்கிறதாம். இங்கே, வெளிநாட்டில் மட்டும் அது வராது. போட்டால், 'இந்த நிகழ்ச்சி உங்கள் நாட்டில் கிடைக்காது' என்று ஒரு வரி வந்து வாசலை மறித்துக்கொண்டு நிற்கும். ஏதாவது வழி பண்ணுங்கள் என்று நூலு வாரக்கணக்காகப் புருஷனைக் கெஞ்சினாள். அவன் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

கடைசியில் வழி சொன்னது கூட வேலை பார்க்கும் இஸ்திரி அக்கா. வி.பி.என். என்று ஓர் ஆப்பைக் காட்டி, டி.வி.யில் எப்படிப் போடுவது என்றும் சொல்லிக்கொடுத்தாள்.

"உன் டி.வி. இங்க இல்லடி, நம்ம ஊர்ல இருக்குன்னு அவங்க நம்பிடுவாங்க. அவ்ளோதான் வித்தை."

நேற்று டி.வி. ஊருக்குப் போய்விட்டது. அவள் மட்டும் இங்கே சோபாவில் உட்கார்ந்திருந்தாள்.

பார்ப்பதற்கு ஒரு கணக்கு வேண்டுமே. அது அண்ணனுடையது. அண்ணன் என்றால் நாத்தனாரின் கணவர். கிரிக்கெட் பார்க்கட்டும் என்று ஒருகாலத்தில் மச்சானுக்கு, அதாவது நூலுவின் புருஷனுக்கு, பாஸ்வேர்டைக் கொடுத்திருந்தார். இங்கே அது வேலை செய்யாது என்று தெரிந்ததும் எல்லோரும் அதை மறந்துபோனார்கள். நூலு மறக்கவில்லை. அந்த பாஸ்வேர்டு அண்ணனின் பழைய ஸ்கூட்டர் நம்பர்.

உள்ளே போனதும் டி.வி. ஒரு கேள்வி கேட்டது. 'இந்தக் கணக்கு வேறொரு திரையில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதை நிறுத்திவிட்டுத் தொடரவா?'

யார் திரை, எந்தத் திரை என்று அவள் யோசிக்கவில்லை. 'ஆம்' என்பதை அமுக்கினாள்.

முதல் மூன்று எபிசோடுக்கும் நன்றாகச் சிரித்தாள். அதில் ஒரு மருமகள் வருகிறாள். வெளிநாட்டில் இருப்பவள். விருந்தாளி வந்தால் பேசக் கூச்சப்பட்டு, வாஷிங் மெஷினுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள். அதற்கு நூலு விழுந்து விழுந்து சிரித்தாள். அது தான்தான் என்று அப்போது உறைக்கவில்லை.

நாலாவது எபிசோடில் உறைத்தது.

அதில் ஒரு சாவு. செத்தது மருமகளின் அம்மா. மருமகளால் ஊருக்கு வர முடியவில்லை, வீடியோ காலில் வருகிறாள். போனைப் பிடித்திருக்கும் கதாநாயகிக்குக் கை வலிக்கிறது. போன் சரிகிறது. உள்ளேயிருந்து மருமகள் அலறுகிறாள்:

"எனக்கு அம்மா காலுதான் தெரியுது அண்ணி. முகத்தைக் காட்டுங்க. ஒரே ஒரு தடவை."

அந்த நேரம் பார்த்து நெட் மாட்டிக்கொள்கிறது. வாயைப் பிளந்தபடி மருமகளின் முகம் அப்படியே நிற்கிறது. டொய்ங் என்று பின்னால் ஒரு சத்தம். சாவு வீட்டில் உட்கார்ந்திருந்தவர்கள் அத்தனை பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள்.

அது நூலு சொன்ன வார்த்தை. போன வருஷம் அம்மாவை எடுத்த அன்று, பாஸ்போர்ட் விசா ஆபீஸில் கிடக்க, இதே சமையலறைத் தரையில் உட்கார்ந்து அவள் கெஞ்சியது. ஓர் எழுத்து மாறவில்லை. அன்றைக்குப் போனைப் பிடித்திருந்தது நாத்தனார்.

நடந்ததில் ஒன்று மட்டும் தொடரில் இல்லை. நாத்தனார் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டு, கூட்டத்தை விலக்கிப் போய், அம்மாவின் முகத்துக்கு நேராக அசையாமல் பிடித்தபடி நின்றார் அண்ணன். "பாத்துக்கோம்மா. அவசரமே இல்ல. நல்லா பாத்துக்கோ" என்றார்.

அதை நாத்தனார் எழுதவில்லை. அதில் சிரிக்க ஒன்றும் இல்லை போலிருக்கிறது.

"இங்க பாரு, என் டார்ச் லைட் எங்க?"

புருஷன் ஷூ மாட்ட உட்கார்ந்தான். அவன் லிஃப்ட் மெக்கானிக். நடுவழியில் நின்றுபோன லிஃப்டிலிருந்து ஆட்களை வெளியே எடுப்பது அவன் வேலையில் பாதி.

"பையில வெச்சிட்டேன்" என்றாள் நூலு. "இன்னிக்கு அண்ணி கூப்பிடுவாங்கல்ல?"

"வாராவாரம் கூப்பிடறதுதானே."

"அவங்க எழுதினதை ஒரு தடவையாவது பாத்துட்டுப் பேசினா மரியாதையா இருக்கும்."

"அது இங்க வராதுன்னு உனக்கு எத்தனை தடவை சொல்றது?"

"ஏதோ வி.பி.என்.னாமே. போட்டா வருமாமே."

ஷூ கயிற்றை இழுத்த விரல் நின்றது. "யாரு சொன்னா?"

"கடையில பேசிக்கிட்டாங்க."

"அதெல்லாம் போடக் கூடாது. போலீஸ் கேஸாயிடும்."

"இஸ்திரி அக்கா வீட்டுல மாமியார் அதுலதான் தினமும் நியூஸ் பாக்கறாங்களாம். இன்னும் யாரும் புடிச்சிட்டுப் போகலியாம்."

"அந்த மாமியாரைப் புடிச்சிட்டுப் போனா அவங்களுக்கு லாபம். நமக்கு எதுக்கு வம்பு?"

"நீங்க பாத்தீங்களா?"

"நான் எங்க பாக்கறது? லிஃப்ட்டுல தொங்கவே நேரம் சரியா இருக்கு." கயிற்றை இறுக்கி முடிச்சுப் போட்டான். "நீ நினைக்கிற மாதிரி பெரிசா ஒண்ணும் இல்லையாம். மொக்கையாம். முக்கியமா அந்த நாலாவது எபிசோடு..."

நிறுத்திக்கொண்டான்.

"நாலாவது எபிசோடு?"

"போரடிக்குதாம். எல்லாரும் சொல்றாங்க."

நூலு டிபன் டப்பாவை மூடினாள். இரண்டு பக்கத்துக் கொக்கியையும் ஒவ்வொன்றாக அழுத்தினாள். இவன் பார்த்திருக்கிறான். பார்த்துவிட்டுத்தான் 'வராது, வராது' என்று வாரக்கணக்காகச் சாதித்திருக்கிறான். அக்காவைக் காப்பாற்ற நினைத்தானா, பெண்டாட்டியின் மனசு நோகக் கூடாது என்று நினைத்தானா, அவனுக்கே தெரியாது.

"பாத்துப் போங்க" என்று டப்பாவை நீட்டினாள். உங்களை அப்புறம் கவனிச்சுக்கறேன், என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். முதலில் உங்க அக்கா.

*

கடையில் அன்று கோட்டுகள் வந்து குவிந்திருந்தன. முன்பக்கம் கவுண்டர். பின்பக்கம் தையல் மெஷினும் நீராவி இஸ்திரியும். இரண்டுக்கும் நடுவில் பிளாஸ்டிக் உறை போட்ட துணிகள் கம்பியில் தொங்கிக்கொண்டிருக்கும். அந்தத் துணிகளுக்குப் பின்னால் இருப்பது நூலுவுக்குப் பிடிக்கும். யார் வந்தாலும் அவள் கால்தான் தெரியும்.

ஒரு கோட்டின் உள்துணியைப் பிரித்துக்கொண்டே அவள் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். இஸ்திரி அக்கா இஸ்திரியைத் தூக்கி நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"அடப்பாவி. சாவு வீட்டையா காமெடி ஆக்கினா?"

"ஒரு வார்த்தை விடலக்கா. நான் மூக்கு உறிஞ்சினதைக்கூட விடல."

"போனைப் போட்டு நறுக்குன்னு நாலு கேளு. நீயெல்லாம் மனுஷியான்னு கேளு."

"கேட்டா என்ன ஆகும்? அழுவாங்க. மன்னிச்சுக்கோடின்னு சொல்லுவாங்க. அப்புறம் அதையும் எழுதிடுவாங்க."

இஸ்திரி அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். "அப்ப என்னதான் பண்ணப்போறே?"

"தெரியல. ஆனா அவங்களும் ஒரு நாள் எல்லாரும் பாக்க டி.வி. முன்னாடி வாயைப் பொளந்துட்டு நிக்கணும். டொய்ங்னு சத்தம் வரணும்."

சொன்னபோது குரல் உயரவில்லை. நூலுவுக்குக் குரல் உயர்ந்தே பழக்கமில்லை. தையலைப் பிரிக்கும் சின்னக் கத்தி மட்டும் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது.

சாப்பாட்டு நேரத்தில் இஸ்திரி அக்கா தன் போனை நீட்டினாள். "எங்க, அந்த எபிசோடைக் காட்டு. நானும் பாக்கறேன், எவ்ளோ கொழுப்புன்னு."

நூலு ஸ்கூட்டர் நம்பரை அடித்து உள்ளே போனாள். யார் பார்க்கிறீர்கள் என்று கேட்டு மூன்று முகங்கள் வந்தன. ஒன்று 'மேடம்'. அது நாத்தனார், கம்பெனியே அவளுக்குத் தனிக் கணக்கு கொடுத்துவிட்டதால் இந்தப் பக்கமே வருவதில்லை. இரண்டாவது, காலேஜ் ஹாஸ்டலில் இருக்கும் அவர்கள் மகள். மூன்றாவது 'விருந்தாளி'. நேற்று டி.வி.யில் மகளின் முகத்தைத் தேர்ந்தெடுத்து உள்ளே போயிருந்தாள். இன்று எண்ணெய்க் கை வழுக்கி விருந்தாளியில் பட்டது.

'பாதியில் விட்டவை' என்று ஒரு வரிசை வந்தது.

முதலில் ஒரு முயல். நீலச் சட்டை போட்ட கார்ட்டூன் முயல், பல் தேய்க்கும் பாட்டுப் பாடுவது. அதற்கு அடுத்து ஒரு பழைய கிரிக்கெட் மேட்ச். அதற்கு அடுத்து கைத்தையல் சொல்லித்தரும் பெண்கள் நிகழ்ச்சி. மறுபடி முயல். மறுபடி கிரிக்கெட். மறுபடி முயல்.

அந்த மேட்ச் எது என்று நூலுவுக்குத் தெரியும். கடைசிப் பந்தில் ஜெயித்தது. வீட்டுக்கு யார் வந்தாலும் அண்ணன் அதைப் போட்டுக் காட்டாமல் விடமாட்டார்.

"இது யாருடி விருந்தாளி? உங்க அண்ணி வீட்டுல சின்னக் குழந்தை இருக்கா?"

"இல்லக்கா. குழந்தை சத்தமே அவங்களுக்கு ஆகாது. எழுதற மூடு போயிடுமாம்."

"அப்ப முயலை யாரு பாக்கறா?"

நூலு கையைத் துடைத்துக்கொண்டாள். நேற்றுச் சாயங்காலத்தை யோசித்தாள். நாத்தனார் ஸ்டூடியோவில் இருந்தாள். அங்கிருந்து போட்டோவே அனுப்பியிருந்தாள். மகள் ஹாஸ்டலில். வீடு பூட்டியிருக்கும் நேரம். அப்படியும் எங்கோ ஒரு திரையில் இந்தக் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது.

அப்புறம் நாத்தனார் வாராவாரம் சொல்லிச் சிரிக்கும் விஷயம் ஞாபகம் வந்தது. உங்கண்ணன் சாயங்காலமானா வாக்கிங் கிளம்பிடறாருடி. சர்க்கரையாம். ஒரு நாள் தப்பறதில்ல. ஆனா வயிறு மட்டும் இம்மி குறையல.

முயல், மேட்ச், கைத்தையல். அந்த வரிசையில் மூன்று பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

இஸ்திரி அக்காவுக்கும் புரிந்துவிட்டது. சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். "உங்க அண்ணிக்குத் தெரியுமா?"

"எப்படித் தெரியும்? அவங்க மத்தவங்க வீட்டையில்ல பாத்துக்கிட்டிருக்காங்க."

அண்ணனுக்கும் யார் பார்க்கப்போகிறார்கள் என்ற தைரியம்தான். மனைவி இந்தப் பக்கம் வருவதில்லை. மகளுக்குத் தன் படங்களைத் தவிர எதுவும் கண்ணில் படாது. மச்சான் வீட்டில் இது வேலையே செய்யாது. இங்கே வராது என்பதை நம்பித்தான் நாத்தனார் சாவு வீட்டை எழுதினாள். அதே சுவரில் சாய்ந்துகொண்டுதான் அண்ணன் முயல் பார்த்தார்.

சாப்பிட்டதும் நூலு மெஷினுக்குத் திரும்பினாள். கோட்டுக்குப் புது உள்துணி வெட்டினாள். சாக்குக் கட்டியால் கோடு போட்டாள். கோடு நேராக வந்தது.

மெஷினை மூடும்போது சொன்னாள். "அண்ணிகிட்ட இதை ஒரு கதையா சொல்லப்போறேன்."

"என்னன்னு?"

"இங்க யாரோ ஒரு கஸ்டமர் வீட்டுல நடந்ததுன்னு. வாராவாரம் அதுக்குத்தானே போன் பண்றாங்க, என்ன நடந்துச்சு, யாரு என்ன சொன்னான்னு. ரெண்டாவது சீசனுக்குக் கதை இல்லாம தவிச்சுக்கிட்டிருக்காங்க. கிடைச்சா விடமாட்டாங்க. அவங்க கையாலேயே எழுதட்டும். புது எபிசோடு வர்றப்போ சொந்தக்காரங்களையெல்லாம் கூப்பிட்டு ஹால்ல உக்கார வெச்சுப் போட்டுக் காட்டுவாங்க. எல்லாரும் சிரிப்பாங்க. ஒருத்தர் மட்டும் சிரிக்க மாட்டார். அப்ப அண்ணி அவர் முகத்தைப் பாப்பாங்க."

இஸ்திரி அக்கா ஸ்விட்சை அணைத்தாள். நீராவி புஸ் என்று அடங்கியது.

"அந்த மனுஷன்தானே உனக்கு உங்கம்மா முகத்தைக் காட்டினார்?"

"ஆமா."

"முயல் பாக்கறது எந்த வயசா இருக்கும்னு நினைக்கிறே?"

நூலு மெஷினுக்கு உறை மாட்டினாள்.

"நூலு, தையலைப் பிரிக்கிறேன்னு துணியைக் கிழிச்சிடாதே. கிழிஞ்ச துணியை நீயே எவ்ளோ பாத்திருக்கே."

"அவங்க என்னைக் கிழிச்சப்போ யாரும் இப்படிச் சொல்லலியேக்கா" என்றாள் நூலு. பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

*

வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டபோது புருஷனிடமிருந்து ஒரு வரி வந்தது. ஏதோ ஆபீஸ் கட்டடத்தில் லிஃப்ட் நின்றுவிட்டதாம், உள்ளே ஆள் இருக்கிறதாம், வரத் தாமதமாகும். நல்லதாகப் போயிற்று.

போன் அடித்தது.

"ஏய் பொண்ணு. எப்படி இருக்கே? சாப்டியா? தம்பி எங்க?"

"வேலைக்குப் போயிருக்கார் அண்ணி. யாரோ மாட்டிக்கிட்டாங்களாம்."

"அவன் வாழ்க்கையே அப்படித்தான். இரு, ஸ்பீக்கர்ல போடறேன். கையில நெயில் பாலிஷ்." குரல் தள்ளிப் போய், ஹாலில் எதிரொலித்தது. "இங்க ஒரே மழை. உங்கண்ணன் வாக்கிங் போக முடியலன்னு கூண்டுல போட்ட மாதிரி உக்காந்திருக்கார்."

நூலு போனைக் காதிலிருந்து சற்று விலக்கினாள். அவர் வீட்டில் இருப்பார் என்று அவள் நினைக்கவில்லை. போனை வைத்துவிடலாமா என்று பார்த்தாள். பிறகு, அந்த டொய்ங் சத்தம் காதில் கேட்டது.

"சீரியல் எப்படிப் போகுது அண்ணி?"

"அமோகம். உனக்குத்தான் பாக்கக் குடுத்து வெக்கல. நாலாவது எபிசோடுக்கு அவ்ளோ மெசேஜ். இங்க நாங்க எல்லாரும் சேர்ந்து பாத்தோம், என் ஓர்ப்படிக்குச் சிரிச்சுச் சிரிச்சுப் புரையேறிடுச்சு."

"அப்படியா அண்ணி? என்ன சீன்?"

"அது... சும்மா, ஒரு வீடியோ கால் காமெடி." நாத்தனார் சட்டென்று பேச்சை மாற்றினாள். "அதை விடு. ரெண்டாவது சீசனுக்குக் கதை குடுன்னு கம்பெனிக்காரங்க உயிரை வாங்கறாங்க. உன் கடைக்கு எத்தனை பேர் வர்றாங்க. ஏதாவது சொல்லேன்."

"என்கிட்ட என்ன இருக்கு அண்ணி?" என்றாள் நூலு, எப்போதும் சொல்கிற மாதிரியே. கொஞ்சம் விட்டு, "ஒருத்தி வருவா. அவ கதை வேணா நல்லா இருக்கும். ஆனா யாருக்கும் சொல்லாதேன்னு சொல்லியிருக்கா."

"நான் யாருக்குடி சொல்லப்போறேன்? சொல்லு சொல்லு."

"அந்தப் பொம்பளையோட புருஷன் தினமும் சாயங்காலம் நீச்சல் கத்துக்கப் போறேன்னு கிளம்பிடுவானாம். டாக்டர் சொன்னாராம். வருஷக்கணக்கா போறான். அவ தினமும் துண்டு மடிச்சுக் குடுப்பா. ஒரு நாள்கூட அந்தத் துண்டு நனைஞ்சதில்லையாம்."

நாத்தனார் கொல்லென்று சிரித்தாள். "துண்டு நனையல. ஐயோ, இது சூப்பர். அவளுக்கு அதுகூடவா தெரியல?"

"அவ பெரிய புத்திசாலி அண்ணி. ஊர்ல யாரு வீட்டுல என்ன நடக்குதுன்னு விரல் நுனியில வெச்சிருப்பா."

"இந்த மாதிரி ஆளுங்கதான் சொந்த வீட்டுல ஏமாந்து நிப்பாங்க. மேல சொல்லு. அவன் எங்கதான் போறான்?"

"இன்னொரு வீடு. அங்க ஒரு பொண்ணு. ஒரு சின்னக் குழந்தையும் இருக்கு."

"அப்படிப் போடு. எப்படி மாட்டினான்?"

"டி.வி.யால. ரெண்டு வீட்டுலயும் ஒரே கணக்கு அண்ணி. மிச்சம் புடிக்கிறானாம். குழந்தைக்குத் தினமும் கார்ட்டூன் போட்டுட்டு, பக்கத்துலயே உக்காந்து இவனும் பாப்பானாம். நீலச் சட்டை போட்ட முயல் ஒண்ணு..."

அந்தப் பக்கத்து ஹாலில் ஏதோ கீழே வைக்கப்படும் சத்தம் கேட்டது. டம்ளராக இருக்கலாம்.

"முயலை விடவே மாட்டேன்" என்றாள் நாத்தனார். "இரு இரு, இதை இப்பவே எழுதிடணும். லேப்டாப்ல சார்ஜ் இல்ல. சார்ஜரை மாடியில விட்டுட்டேன். கட் பண்ணிடாதே, இதோ வந்துடறேன்."

செருப்புச் சத்தம் படியேறிப் போயிற்று. மழைச் சத்தம் மட்டும் மிஞ்சியது. பிறகு ஒரு 'டிக்'. எதிரொலி நின்றுபோனது. யாரோ ஸ்பீக்கரை அணைத்துவிட்டுப் போனைக் காதில் வைத்திருந்தார்கள்.

"நான்தாம்மா" என்றார் அண்ணன்.

நூலு நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்தாள்.

"நேத்து முயல் பாதியில நின்னுபோச்சு. வேற யாரோ உள்ள வந்திருக்காங்கன்னு டி.வி.யில வந்துச்சு. புது டி.வி., நம்ம ஊர்லேர்ந்துதான்னு போன்ல வேற வந்துச்சு. ஊர்ல யாருக்கு என் பாஸ்வேர்டு தெரியும்னு ஒவ்வொருத்தரா யோசிச்சுப் பாத்தேன். நீ இங்க இல்லையேன்னு உன்னை யோசிக்கவே இல்ல."

அவர் குரலில் கோபம் இருந்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். களைப்புதான் இருந்தது.

"குழந்தை அழுதுடுச்சும்மா. முயல் எங்க போச்சு, முயல் எங்க போச்சுன்னு."

'ஆம்' என்று அமுக்கிய விரலை நூலு பார்த்துக்கொண்டாள்.

"உங்க அண்ணி மேல உனக்கு இருக்கற கோபம் எனக்குப் புரியுது. ஆனா இது அவளோட நிக்காதும்மா. அன்னிக்கு நீ ஒண்ணு கேட்டே. நான் செஞ்சேன். இப்ப நான் கேக்கறேன். வேற ஏதாவது கதை சொல்லிடு. கஸ்டமரு கட்டிவிட்ட பொய்யாம்னு சொல்லிடு."

சமையலறைத் தரை சில்லென்று இருந்தது. அன்று உட்கார்ந்த அதே இடத்தில் உட்கார்ந்திருக்கிறோம் என்பதை நூலு அப்போதுதான் கவனித்தாள். அந்தச் சின்னத் திரையில் அம்மாவின் முகம் எவ்வளவு நேரம் அசையாமல் இருந்தது. பிடித்திருந்தவரின் கை வலித்திருக்கும். அவர் சொல்லவே இல்லை.

சொல்லிவிடலாம். ஒரே வார்த்தைதான்.

"அண்ணா, நாலாவது எபிசோடு எல்லாரும் சேர்ந்து பாத்தீங்கன்னு அண்ணி சொன்னாங்க."

"ம்."

"நீங்களும் ஹால்ல இருந்தீங்களா?"

"இருந்தேம்மா."

"சிரிச்சீங்களா?"

மழை பெய்துகொண்டிருந்தது. மாடியில் ஓர் அலமாரிக் கதவு திறந்து மூடியது.

"எல்லாரும் சிரிச்சாங்கம்மா."

"நான் உங்களைத்தான் கேட்டேன்."

படியில் செருப்புச் சத்தம் இறங்கி வந்தது. அவருக்கு இன்னும் நேரம் இருந்தது. இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். பொய்யாகச் சொல்லியிருந்தாலும் அவள் அதை எடுத்துக்கொண்டிருப்பாள்.

"கூட உக்காந்திருக்கறப்போ..." என்று ஆரம்பித்தார் அண்ணன். முடிக்கவில்லை.

டிக். எதிரொலி திரும்பி வந்தது.

"கிடைச்சிடுச்சுடி. என்னங்க, போனை ஏன் கையில வெச்சிருக்கீங்க? குடுங்க இங்க." நாற்காலி இழுபட்டது. லேப்டாப் திறந்தது. "ஆங், சொல்லு பொண்ணு. எங்க விட்டோம்?"

நூலு சுவரில் சாய்ந்து நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"முயல்ல விட்டோம் அண்ணி" என்றாள். "எழுதிக்குங்க."